அக்காவின் கிட்னியும் பம்பளிமாஸ் பழமும்

திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் கிளினிக்கல் பார்மசிஸ்ட். மாத்திரைக் கவுண்டரில் நிற்பவள் என்றுதான் என் மாமியார் இன்னமும் ஊருக்குச் சொல்கிறார். உண்மையில் என் வேலை, கிட்னி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களோடு மல்லுக்கட்டுவது. வந்த கிட்னியை உடம்பு ஏற்றுக்கொள்ள அவர்கள் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். ரத்தத்தில் அது குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

வடமதுரைப் பக்கத்திலிருந்து தக்காளி விவசாயி ஒருவர் வருவார். அவருக்குக் கிட்னி கொடுத்தது அவருடைய அக்கா. கொடுத்தாரே தவிர, சொந்தம் கொண்டாடுவதை விடவில்லை. "ஏலே, பள்ளம் பாத்து வண்டிய ஓட்டு. ஏங்கிட்னி குலுங்குதுல்ல!" என்பார். என்னிடம், "தாயி, ஏங்கிட்னி நல்லா இருக்கா?" என்பார். தம்பி நல்லா இருக்காரா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு முறை தம்பிக்கு ரத்தத்தில் மருந்து ஏகத்துக்கும் ஏறியிருந்தது. கை நடுங்கி, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி டாக்டர் என்னிடம் அனுப்பினார். மாத்திரைகளை மேசையில் பரப்பிச் சரிபார்த்தேன். தப்பே இல்லை. நாட்டு மருந்தும் இல்லையாம்.

"காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்கண்ணே."

"பல்லு வெளக்குவேன். மாட்டப் பாப்பேன். அக்கா குடுக்குற பழத்தத் தின்பேன்."

"என்ன பழம்?"

"பம்பளிமாஸ். தோட்டத்துல காய்க்குது. ஒரு மாசமா தினம் ஒரு முழுப் பழம். கிட்னிக்கு நல்லதாம். வேணாம்னா அக்கா அடிக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பழம் இந்த மருந்தை உடம்பு சிதைத்து வெளியேற்ற விடாது. மருந்து சேர்ந்துகொண்டே போகும். அக்காவைக் கூப்பிட வெளியே ஓடினேன்.

அக்கா காத்திருப்போர் கூடத்தில் தரையில் சம்மணம் போட்டு, பழச் சாக்கைப் பிரித்து, வந்தவர்களுக்கெல்லாம் சுளை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கிட்னி மாற்றியவர்களுக்கான செக்கப் நாள்; வந்திருந்த அத்தனை பேரும் அதே மாத்திரைக்காரர்கள்.

நான் அவர்கள் கைகளிலிருந்து சுளைகளைப் பிடுங்கத் தொடங்கினேன். கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியாரைப் பார்த்து, "துப்புங்க சார்!" என்று கத்தினேன். அவர் பயத்தில் விழுங்கிவிட்டார். பிறகு அவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேச ரெண்டு மாசம் ஆனது.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா கையிலிருந்த சுளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஏங்கிட்னிக்கு நானே வெஷம் வச்சிருக்கேனா?"

"எனக்குத்தான்க்கா வச்ச," என்றார் என் பின்னாலேயே வந்திருந்த தம்பி.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக, "தம்பி பொழச்சுக்குவானா தாயி?" என்று கேட்டார். பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, சரியாகிவிடும் என்றேன். சில நாளுக்கு டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். பழம் நின்றது. நடுக்கமும் நின்றது.

அதற்கப்புறம் தம்பியோடு வரும்போதெல்லாம் அக்கா கூடத்தில் எல்லோருடைய சாப்பாட்டுப் பையையும் திறந்து பார்க்கிறார். போன வாரம் எங்கள் டாக்டரையே ஜூஸ் டம்ளரோடு வாசலில் மறித்துவிட்டார்.

"இது என்ன ஜூஸு? உள்ள இருக்குற தாயிகிட்டக் கேட்டீகளா?"

டாக்டர் டம்ளரோடு என் அறைக்கு வந்து, "சாத்துக்குடிதாங்க, குடிக்கலாமா?" என்றார்.