அம்மாவின் கண்ணுக்குள் பச்சை வெளிச்சம்

எங்கள் வீட்டில் லேசரைப் பற்றிப் பேசும் உரிமை அப்பாவுக்கு மட்டுமே இருந்தது. திருப்பூரில் ஓர் எம்ப்ராய்டரி கம்பெனியில் அவர் லேசர் கட்டிங் மெஷின் ஓட்டினார். குழந்தைகள் பனியனில் வைத்துத் தைக்கும் கரடி, முயல் எல்லாம் தன் கையால் வெட்டியவை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். வெட்டியது மெஷின்தானே என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில், தைத்து வந்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. ஒரு நாள் வெள்ளைப் பனியன் ஒன்றில் கறுப்பு நூல் பிசிறு கிடப்பதைப் பார்த்துக் கிள்ளி எடுக்க முயன்றிருக்கிறாள். வரவில்லை. அடுத்த பனியனிலும் அதே பிசிறு. டெய்லர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு நிமிர்ந்தால், எதிர்ச் சுவரிலும் அது தொங்கிக்கொண்டிருந்தது.

அது நூல் இல்லை, சர்க்கரை நோயால் கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது, லேசர் வைக்காவிட்டால் பார்வையே போய்விடும் என்றார் கண் டாக்டரம்மா. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அவருக்குத் தெரிந்த லேசர் துணியைப் பொசுக்கி வெட்டும் லேசர். நானோ அம்மாவின் கண்ணைக் கரடி வடிவத்தில் வெட்டிவிடுவார்கள் என்றே நம்பினேன்.

"வேண்டாமுங்க டாக்டரம்மா. கண்ணாடியாட்டம் இருக்கற பிளாஸ்டிக் சீட்டை வெச்சாக்கூட எங்க மெஷின் அறுத்துப் போடுமுங்க. கண்ணோட முன்பக்கம் தப்புமுங்களா?"

வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் டாக்டரம்மா எரிந்து விழவில்லை. மெஷினுக்குப் பக்கத்திலேயே எங்களை அழைத்துப் போனார்.

"நல்ல கேள்விங்க. உங்க மெஷின் வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது, பட்ட இடத்துலயே சூடாகிடும். இது பச்சை வெளிச்சம். ஜன்னல் கண்ணாடியில வெயில் வர்ற மாதிரி முன்பக்கத்தைத் தாண்டிப் போயிடும். பின்னால விழித்திரையில நிறம் இருக்கற இடம்தான் அதைப் பிடிச்சுக்கும். சூடு அங்கதான்."

ரத்த ஓட்டம் குறைந்து தவிக்கிற ஓரப் பகுதிகளைப் புள்ளி புள்ளியாகச் சுட்டுவிட்டால், கசிகிற புது ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும் என்றும் சொன்னார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஓரப் பார்வை கொஞ்சம் குறையுங்க. நடுப் பார்வையைக் காப்பாத்திடலாம்."

"சரிங்க, வையுங்க" என்றாள் அம்மா. அப்பா அதற்குள் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நானும் டாக்டரம்மா சொன்னதைக் காதில் வாங்காமல் அவர் பின்னால்தான் இருந்தேன்.

அம்மா மெஷினில் தாடையை வைத்தாள். பச்சை மின்னியது. புகையும் இல்லை, பொசுங்கிய வாடையும் இல்லை. கத்தி படாமல், கண்ணில் ஒரு கீறல்கூட விழாமல், உள்ளே போய் வேலையை முடித்த அந்த வெளிச்சத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான். வீடு வரும் வரை அப்பா தன் மெஷினைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இன்னும் சில தடவை போய் வந்த பிறகு அம்மாவின் பார்வை நிலைத்தது. செக்கிங் வேலைக்கும் திரும்பிப் போனாள். ஆனால் அதன் பிறகு நான் பக்கத்தில் நின்று எதைப் பேசினாலும், "முன்னால வா கண்ணு" என்று தோளைப் பிடித்து நேர் எதிரே நிறுத்திக்கொள்வாள். நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். அம்மாவுக்கு என்மேல் பாசம் கூடிவிட்டது என்று வகுப்பெல்லாம் பெருமையடித்தேன். பக்கத்தில் நிற்கும்போது நான் அவளுக்குத் தெரியவே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.