ஜமக்காளத்துக்கு மேலே ஓடிய ஆறு

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து மருமகன் ஒரு வீடியோ அனுப்பினார். பெரிய அரங்கம். காலை வைத்த இடத்தில் வெளிச்சம் பூக்கிறது, பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். "மாமா, இப்படி ஒண்ணை நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க" என்று ஒரு வரி வேறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1996 மே மாதமே கோயம்புத்தூரில் இதைப் பார்த்தவன் நான். பார்த்தவன் என்பதுகூடக் குறைவு, நான் போகாவிட்டால் அது நடந்தே இருக்காது. குடும்பத்தோடு இந்த மாதிரி இடங்களுக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என் மனைவி மரகதத்தின் அண்ணன் மகள் சுகந்தி, எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். நூல் அறுந்தால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் கருவிகளை மில்களில் பொருத்துவது அவள் வேலை. மூளையில் எங்கள் குடும்பத்தில் எனக்கு அடுத்தபடி அவள்தான். நான் எட்டாவதோடு நிறுத்திக்கொண்டேன், அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க வாத்தியாரிடம் ஒன்றும் இல்லை. அந்த வருடக் கோடைப் பொருட்காட்சியில் சுகந்திக்கு ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. அதில் மில் கருவிகளை வைத்து, வருகிறவர்கள் விளையாட ஓர் இடம் செய்திருந்தாள்.

"அத்தை, நாளைக்கு ஒரு நாள்தான் டைம். சாயங்காலம் பொருட்காட்சிச் செயலாளர் வந்து பாப்பாரு. ஜனங்க விளையாடலைன்னா கொட்டகையை டெல்லி அப்பளக் கடைக்குக் கொடுத்துருவாங்க. விளையாடினா, டவுன் பார்க்குல இதையே நிரந்தரமா வைக்கச் சொல்லி எழுதுறேன்னிருக்காரு. மாமாவையும் கூட்டிட்டு வாங்க" என்று போனில் சொன்னாள்.

நான் பல்லடத்திலிருந்து நாற்பது பேரைத் திரட்டினேன். மரகதம் பதினொரு பேர் என்பாள்; அவள் பஸ்ஸில் பின்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மதியம் ஒரு மணி பஸ். முப்பத்தாறு கிலோமீட்டர், டிக்கெட் ஏழு ரூபாய். சூலூர் தாண்டும்போது டிரைவரிடம், "ஏனுங்க, கொஞ்சம் அழுத்துங்க, ஒரு புள்ளையோட மானம் போகுது" என்றேன்.

"அழுத்துனா டயர் போயிருமுங்க. மானத்துக்கு அடுத்த வண்டி இருக்குது, டயருக்கு இல்லீங்க" என்றார்.

சிங்காநல்லூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்து மைதானம் போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது.

கொட்டகையைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். வாசலில் 'உள்ளே வந்து விளையாடுங்கள்' என்று பலகை. உள்ளே இருட்டு. தலைக்கு மேலே வெள்ளைத் துணியைப் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டியிருந்தாள். அதற்கும் மேலே வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், தொட்டி நிறையத் தண்ணீர், அதற்கு மேல் விளக்கு. சின்ன மோட்டார்கள் தண்ணீரைக் கலக்க, அலையின் நிழல் துணியில் விழும். தரையில் சுவருக்குச் சுவர் பவானி ஜமக்காளம், பட்டை பட்டையாகச் சிவப்பும் நீலமும் பச்சையும். அதன் அடியில் மெல்லிய தகடுகள். ஒரு பட்டையை மிதித்தால் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தெரியும். உடனே அந்தப் பட்டைக்கு நேர் மேலே தண்ணீர் ஒளிரும், ஒரு தவளையோ ஒரு குருவியோ கூப்பிடும். ஓடினால் ஆறும் கூடவே ஓடும். அமெரிக்காக்காரன் கனவில்கூட இது வந்திருக்காது.

நான்தான் முதலில் உள்ளே நுழைந்தேன். புது ஜமக்காளம் விரித்திருக்கிறது. விவரம் தெரிந்தவன் என்ன செய்வான்? செருப்பை வெளியே விட்டு, ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பின்னால் வந்தவர்களையும், "வாங்க, வாங்க, வரிசையா உக்காருங்க" என்று உட்கார வைத்தேன். பொருட்காட்சிக் கூட்டமும் எட்டிப் பார்த்தது, ஜமக்காளத்தைக் கண்டது, செருப்பைக் கழற்றியது, உட்கார்ந்தது. அரை மணியில் கொட்டகை நிறைந்துவிட்டது. அப்படி ஓர் ஒழுங்கை நான் எந்தக் கல்யாணத்திலும் கண்டதில்லை.

எல்லாத் தகடும் ஒரே சமயத்தில் அமுங்கிவிட்டதால் எல்லா விளக்கும் எரிந்தன. துணி வெறும் வெள்ளையாக நின்றது. தவளையும் குருவியும் ஒன்றாகச் சேர்ந்து 'ஙொய்' என்று ஒரே சத்தம்.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் சுகந்தியிடம், "ஏனுங்க அம்மணி, எத்தனை மணிக்குங்க ஆரம்பிக்குது?" என்றார்.

"ஆரம்பிச்சிருச்சுங்க! எந்திரிச்சு நடங்க, ஓடுங்க!"

"இருக்கட்டுங்க. மத்தவங்க நடக்கட்டும், நாங்க அப்பறமா நடக்கறோம்."

எல்லோரும் இதையே சொன்னார்கள். மரகதம் என் தொடையில் இடித்தாள். "உங்களை யாரு உக்காரச் சொன்னது? புள்ள எந்திரிங்கறா."

"விரிச்ச ஜமக்காளத்துல ஓடறதுக்கு நானென்ன கண்ணுக்குட்டியா?"

மணி ஐந்தரை. சுகந்தி கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். அப்போது கோட்டைமேட்டிலிருந்து ஓர் அத்தர் கடை பாய், மனைவி, மூன்று மகள்களோடு வாசலுக்கு வந்தார். இடமில்லை என்று திரும்பப் போனார். விடுவோமா? "பாய், போகாதீங்க, இங்க வாங்க!" என்று நான் போட்ட சத்தம் உக்கடம் வரை கேட்டிருக்கும். "தள்ளிக்கிங்க, தள்ளிக்கிங்க" என்று வரிசை முழுக்க உட்கார்ந்தபடியே நகர்ந்தது. ஒருவர் நகர, அடுத்தவர் நகர, காலியான இடத்தில் தகடு விடுபட்டு விளக்கு அணைய, வெள்ளைத் துணியில் ஒரு நிழல் அலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று.

சுகந்தி தலையைத் தூக்கினாள். "மாமா, இன்னொரு தடவை தள்ளி உக்காரச் சொல்லுங்க!"

சொன்னேன். மறுபடியும் அலை. அவள் கம்ப்யூட்டரில் குனிந்து பத்துப் பதினைந்து நிமிடம் எதையோ மாற்றினாள். மிதித்தால் எரிவதை நிறுத்தி, நகர்ந்தால் எரிகிற மாதிரி செய்துவிட்டாளாம். கொட்டகை கும்மிருட்டானது. ஒருவரும் எழவில்லை.

செயலாளர் வந்தபோது வாசலில் நின்று இருட்டைப் பார்த்து, "என்னங்க இது, கரண்ட் இல்லீங்களா?" என்றார்.

"அய்யா வந்துட்டாரு, இடம் விடுங்க!" என்றேன்.

கொட்டகையே நகர்ந்தது. வாசலிலிருந்து ஆறு கிளம்பியது. என் தலைக்கு மேல் பச்சையாக வந்து, வளைந்து, முன்வரிசை வரைக்கும் நுரைத்துக்கொண்டு போயிற்று. தவளைகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லின. ஒரு கெண்டை மீன் துள்ளியதை நான் கண்ணால் பார்த்தேன், நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அத்தனை பேரும் அண்ணாந்து வாயைப் பிளந்தார்கள். பிறகு பார்க்க வேண்டுமே! யாரும் வராமலே, "இந்தப் பக்கம் வாங்க", "இல்லீங்க, நீங்க வாங்க" என்று ஒருவருக்கொருவர் இடம் கொடுத்து ஆற்றைத் தள்ளித் தள்ளி விளையாடினார்கள். பவானி கூடுதுறையில் முழுகியிருக்கிறேன். அன்றுதான் ஆற்றுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன்.

விட்ட இடத்தில் உட்கார்ந்த செயலாளர் மூன்று முறை எழப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவர், "சவுரியமா உக்காருங்க" என்று நகர, மறுபடி ஆறு வந்து அவரை உட்கார வைத்தது. கடைசியில், "அப்பளக்காரருக்கு நான் வேற இடம் பாத்துக்கறனுங்க" என்றார்.

இனி, போகிறவர்களுக்கு. சாயங்காலம் போங்கள், பகல் வெளிச்சம் இந்த மாதிரி இடங்களுக்கு ஆகாது. கழற்ற லேசான செருப்பு போடுங்கள். எங்கே எதை அமுக்குவது என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் ஊரில் எப்படி இருப்பீர்களோ அப்படியே இருங்கள், மிஷின் தானாக உங்கள் வழிக்கு வரும். முக்கியமாக, அதைச் செய்தவர் அங்கே எங்காவது ஒரு மூலையில் நின்றுகொண்டிருப்பார், தேடிப் பாருங்கள். அன்றைக்கு மூலையில் நின்றவளை முதலில் கண்டது மரகதம். "ஏம்மிணி, காலையிலிருந்து நீ உக்காரவே இல்லியே, வா" என்று தள்ளி உட்கார்ந்தாள். எங்கள் வரிசை முழுக்கத் தள்ளி உட்கார்ந்தது. சுகந்தி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, தான் செய்த ஆற்றை முதல் தடவையாக அடியிலிருந்து பார்த்தாள்.