கம்பம் பீம்

என் மினி லாரியின் ஹெட்லைட்டில் வெளிச்சம் குறைந்துவிட்டது என்று நான் சொன்னேன். வெளிச்சம் குறைந்தது உங்கள் கண்ணில்தான் என்று என் மனைவி சொன்னாள். போன மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் இந்த ஒரே வழக்குதான். லைட் கோளாறு என்றால் லைட்டை மாற்றினால் போதும். கண் கோளாறு என்றால் வண்டி நிற்க வேண்டும். வண்டி நின்றால் நாங்கள் இரண்டு பேரும் எதை வைத்துப் பிழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஐம்பத்தாறு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் ஸ்டீயரிங் பிடிப்பதுதான்.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குப் பக்கம். சாயங்காலம் தோட்டங்களில் தக்காளி, கத்தரி, முருங்கை, சில நாள் திராட்சை என்று ஏற்றி வைத்துவிட்டு, விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புவோம். கம்பம் மெட்டு மலைப்பாதை ஏறி, அந்தப் பக்கம் கேரளத்தில் கட்டப்பனை வரைக்கும் உள்ள கடைகளில் சரக்கை இறக்கிவிட்டு மதியம் திரும்புவோம். மனைவியும் கூடவே வருவாள். அங்கே ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், மலையாளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் மலையாளம் பேசினால் கடைக்காரர்களே பரிதாபப்பட்டுத் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

எனக்கு என்ன ஆனது என்று சரியாகச் சொல்லவும் வரவில்லை. எதிரே ஒரு வண்டி வந்தால் அதன் வெளிச்சம் ஒழுங்காக வராமல் முள்ளு முள்ளாகச் சிதறிக்கொண்டு வந்தது. வண்டி கடந்து போன பிறகும் என் ரோடு எனக்குத் திரும்பக் கிடைக்க நேரமானது. அதோடு மலையில் அந்த வருசம் பனி வேறு அதிகம். இதற்கெல்லாம் நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஊரில் ஒருத்தன் பாக்கியில்லாமல் எல்ஈடி போட்டுவிட்டான், நான் ஒருத்தன்தான் மஞ்சள் பல்பைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். எதிரே வருகிறவனையெல்லாம் திட்டித் திட்டியே மெட்டு ஏறினேன்.

அவள் வைத்திருந்த காரணங்கள் வேறு. போனில் மெசேஜ் வந்தால் “நீயே வாசி” என்று நான் நீட்டுகிறேனாம். தட்டில் கிடந்த பச்சை மிளகாயை பீன்ஸ் என்று நினைத்துக் கடித்தேனாம். கடைத்தெருவில் எதிரே வந்த அவள் தம்பியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனேனாம். அந்தக் கடைசிக் குற்றத்தை நான் வேண்டுமென்றே செய்ததாக மச்சினன் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறான்.

“சனிக்கிழமை ராயப்பன்பட்டியில கண்ணு முகாம் போடுறாகளாம். ஒரு எட்டு போய்ட்டு வந்துருங்க,” என்றாள்.

சரி என்று சொன்னேன். அந்தச் சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு நேராகத் தேனிக்குப் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது கேட்டால் பயம் என்றுதான் சொல்வேன். அன்று கேட்டிருந்தால் கேட்டவரைக் கடித்திருப்பேன்.

தேனியில் வண்டிச் சாமான் விற்கும் அந்தக் கடையில் ஒரு சுவர் முழுக்க வண்டி முன்னால் கூடுதலாக மாட்டும் லைட் பார் தொங்கவிட்டிருந்தார்கள். நீட்டு நீட்டாக, அரை அடியிலிருந்து ஒரு ஆள் நீளம் வரைக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் காட்டியதில் எனக்கு எது எந்த லைட் என்றே பிடிபடவில்லை. சுவரே எரிகிற மாதிரி இருந்தது.

“எந்த ரூட்டுண்ணே ஓட்டுறீக?” என்று கடைக்காரர் கேட்டார்.

“கம்பம் மெட்டு.”

“அப்ப யோசிக்கவே வேண்டாம். காம்போ பீம் எடுத்துக்கங்க.”

என் காதில் ‘கம்பம் பீம்’ என்றுதான் விழுந்தது. மெட்டுக்கு மெட்டு தனி லைட் வந்துவிட்டதா என்று ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு காலம் ஓட்டியும் இது தெரியாமல் போனதே என்று வெட்கமாகவும் இருந்தது. தெரிந்தவன் மாதிரி, “அப்ப போடி மெட்டுக்கு?” என்று கேட்டேன்.

“அதுக்கும் இதேதாண்ணே.”

“குமுளிக்கு?”

“எல்லா மலைக்கும் இதுதாண்ணே போகுது.”

போடிக்காரர்கள் எப்படிச் சம்மதித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. “இது பட்ஜெட் மாடல்தான், ஆனா நல்லா உழைக்கும்,” என்று அவர் சேர்த்துக்கொண்டபோது, இருப்பதிலேயே மலிவான சரக்குக்குப் பார்த்து எங்கள் பக்கத்துப் பெயரை வைத்திருக்கிறான்களே என்று கோபம் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், “டாக்டர் என்ன சொன்னாக?” என்று கேட்டாள். பெட்டியை அவள் கையில் கொடுத்து, கம்பம் மெட்டுக்கென்றே செய்த லைட் என்று விளக்கினேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் சீன எழுத்து, நடுவில் மணல்காட்டில் நிற்கும் ஒரு ஜீப்.

“சைனாக்காரனுக்குக் கம்பம் மெட்டு எங்கன இருக்குன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள்.

பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெட்டிக்குள் லைட்டோடு ஒரு கொத்து வயர், ஒரு சுவிட்ச், ஒரு ரிலே, கடுகு அளவு எழுத்தில் ஒரு தாள். சிவப்பு பேட்டரிக்கு, கறுப்பு பாடிக்கு, அது தெரியும். நீல வயர் எதற்கு என்று தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை. எழுத்து எறும்பு சாரையாக ஓடியது. இவ்வளவு பொடியாக அச்சடித்தால் யாரால்தான் படிக்க முடியும் என்று சத்தமாகவே சொன்னேன். அடுப்படியில் தாளிக்கிற சத்தம்தான் கேட்டது.

மறுநாள் கம்பத்தில் என் வண்டிக்கு எப்போதும் வயரிங் பார்க்கும் பாயிடம் கொண்டு போனேன். கம்பம் பீம் கதையைச் சொன்னதும் மனுசன் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“கம்பமும் இல்ல கூடலூரும் இல்லண்ணே, காம்போ! நடுவுல இருக்குறது தூரமா அடிக்கும், ஓரத்துல இருக்குறது அகலமா அடிக்கும். ரெண்டும் சேந்தது காம்போ.”

“பெட்டியில இம்புட்டு வாட்டுன்னு போட்டிருக்கே பாய், அதாவது நெசமா?”

“அது பெட்டியோட வாட்டு. லைட்டோட வாட்டு வேற.”

வண்டிக்கு மேலே போட வேண்டும் என்பது என் ஆசை. மேலே போட்டால் எதிரே வருகிறவன் கண் போய்விடும், பம்பரில் கீழ்நோக்கிப் போடுவோம் என்று சொல்லிவிட்டார். டவுனுக்குள் போடக்கூடாது, எதிரே வண்டி வந்தால் அமர்த்திவிட வேண்டும், செக்போஸ்டில் மூடி போட்டிருக்க வேண்டும் என்று மூன்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்த நீல வயர் சுவிட்சுக்குள் எரியும் சின்ன லைட்டுக்காம். அதைச் சொல்ல ஒரு தாள், அதைப் படிக்க நான் பட்ட பாடு!

வேலை முடிந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு எதிர்ச்சுவரில் அடித்துக் காட்டினார். கூட நின்ற இரண்டு பேர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். நான் பார்த்தேன். வெளிச்சம் இருந்தது. ஆனால் சோறு வடித்த கஞ்சி மாதிரி, தெளிவில்லாமல்.

“என்ன பாய், மங்கலா இருக்கு?”

“மங்கலா?” அவர் லைட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எங்கன பாக்குறீக நீங்க?”

பிறகு குனிந்து நகத்தால் சுரண்டி, கண்ணாடிமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தெடுத்தார். பாதுகாப்புக்கு ஒட்டியிருந்ததாம். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. கோளாறு என் கண்ணில் இல்லை, தாளில் இருந்திருக்கிறது! உரித்த பிறகு மறுபடியும் அடித்துக் காட்டினார். முன்னைக்கு இப்போது பரவாயில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். லைட்டை வாங்குவதற்கு ஒரு வருசம் முன்பிருந்தே அந்தத் தாள் எப்படி என் கண்ணை மறைத்தது என்ற கேள்வி எழுந்தது. அதை உட்கார வைத்துவிட்டேன்.

அடுத்த விடிகாலை தக்காளி ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கம்பம் தாண்டி மலையடிவாரம் வந்ததும் மூடியைக் கழற்றி சுவிட்சைப் போட்டேன். வழக்கமாக அந்த இடத்திலேயே என் மனைவி தூங்கிவிடுவாள். முந்தானையைத் தலையோடு மூடிக்கொண்டு, கதவோரம் சாய்ந்தால் மேலே செக்போஸ்ட் வந்து நான் எழுப்பினால்தான் உண்டு. அன்று அவளால் முடியவில்லை. “ஆத்தாடி, பட்டப்பகலா இருக்கு. இதுல எப்படித் தூங்குறது?” என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவளுக்குப் பட்டப்பகல். எனக்கு ரோட்டோரக் கற்கள், வளைவில் நட்டிருந்த போர்டுகள் எல்லாம் வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வந்தன. ஒன்றின் வெள்ளை அடுத்ததோடு சேர்ந்து, பழைய மஞ்சள் பல்பில் தெரிந்த அளவுகூட ரோடு தெரியவில்லை. வெளிச்சம் கூடினால் பார்வை குறையுமா? அணைத்துப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன். தலை சுற்றியது. வளைவுகள் ஏற ஏற வெள்ளை கூடிக்கொண்டே போனது. பள்ளம் எங்கள் இடது கைப்பக்கம் வரும் ஒரு வளைவில் முதல் கியருக்கு வந்துவிட்டேன்.

“பனி ரொம்ப இருக்கு. உன் பக்கம் ஓரத்தைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு,” என்றேன்.

“என்ன பனி?”

“இந்தப் பனிதான்.”

அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“பனியே இல்லைங்க,” என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கோபம்கூட வந்தது. வளைவைத் தாண்டியதும் வண்டியை மலையை ஒட்டி ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, எல்லா லைட்டையும் அமர்த்திவிட்டு இறங்கினேன். சக்கரத்துக்குக் கல் வைத்தேன். காற்றில் ஈரமே இல்லை. சட்டையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

“கீழ பாருங்க,” என்றாள். “கம்பம், கூடலூரு, அங்கிட்டு சுருளிப்பட்டி. எல்லாம் லைட்டு லைட்டா எப்படித் தெரியுது.”

எனக்கு அங்கே ஒரு மஞ்சள் அழுக்கு தெரிந்தது. இடது கண்ணை மூடினால் அதுவும் இல்லை.

ஒரு வருசமாகப் பனி பனி என்று டீக்கடையில், லோடு இறக்குகிற இடத்தில், பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் எத்தனை நாள் உண்மையாகவே பனி இருந்தது என்று இனி என்னால் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு நாளும் வழி தெரியாமல் தடவித் தடவி ஏறியிருக்கிறேன். அந்த ஒவ்வொரு நாளும் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, என்னை நம்பி, இவள் அயர்ந்து தூங்கியிருக்கிறாள். வண்டிப் படியில் உட்கார்ந்தேன்.

“ஏன் ஒரு நாளாவது சொல்லல நீ?” என்று கேட்டேன். கேட்கும்போதே அபத்தம் என்று தெரிந்தது.

“நான் எங்க முழிச்சிருந்தேன்,” என்றாள்.

சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். இருட்டில் இனி ஓட்ட மாட்டேன், பகலானதும் சரக்கை இறக்கிவிட்டு நேராகக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாம், டாக்டர் சரி என்று சொல்கிறவரை வண்டி நிற்கட்டும் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, சொல்லாவிட்டால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. வழக்கில் தான் ஜெயித்ததாக அவள் காட்டிக்கொள்ளவே இல்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, என்னை ஏற்றி அவள் உட்காரும் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

“விடியட்டும். அதுவரைக்கும் செத்த நேரம் கண்ணை மூடுங்க,” என்றாள். “நான் முழிச்சிருக்கேன்.”