டீ வராத கூட்டம்

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் போல அஞ்சா நெஞ்சன் இந்த ஏழு தெருவிலும் கிடையாது; அவரைக் கண்டால் வெறிநாய்கூட எழுந்து நின்று வழிவிடும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். நாய் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு போவது அவர்தான்.

அப்படிப்பட்டவர் கவுன்சிலராகி, நகராட்சியின் நிதிக்குழுத் தலைவரும் ஆனார். திறமையைப் பார்த்தல்ல, தேர்ந்தெடுத்த அன்று அவர் ஒருவர்தான் வரவில்லை. வராதவன் தலையில் கட்டுவதுதானே உலக வழக்கம்.

வரவு செலவுத் திட்டத்தை அவர்தான் மன்றத்தில் வாசிக்க வேண்டும். தடிமனான புத்தகம். மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். எழுத்து பெரிதானது, அர்த்தம் மட்டும் அசையவில்லை. மனைவியின் அண்ணனிடம் ஓடினார்; அவர் மூன்று தடவை கவுன்சிலரானவர்.

"மச்சான், கையிருப்புன்னு இவ்வளவு பெரிய தொகை போட்டிருக்கே. கீழே 'ஒப்பந்தக்காரர் வைப்பு'ன்னு வேற இருக்கு. அது என்ன?"

"மாப்ளே, இத்தனை வருஷமா கை தூக்கறேன், அந்தப் பக்கத்தைத் திருப்பினதே இல்ல. நீங்க பாட்டுக்கு வாசிங்க. டீ வந்ததும் எல்லாரும் மேசையைத் தட்டுவாங்க. முடிஞ்சுது கதை."

உண்மைதான். அந்த மன்றத்தில் தீர்மானத்தை நிறைவேற்றுவது டீ. கிளாஸ் சத்தம் வாசலில் கேட்டால் போதும், பாதி வாக்கியத்தில் தட்டி முடித்துவிடுவார்கள். அந்தக் கையிருப்பை நம்பிக் கவுன்சிலர்கள் ஆளுக்கொரு சாக்கடையைத் திட்டத்தில் எழுதியாயிற்று. நம்மவரும் தம் தெருவில் வீடு வீடாகப் போய், "இந்த மழைக்குள்ள சாக்கடை வந்துடும்" என்று சொல்லி வைத்திருந்தார்.

திட்டத்தை வாசிக்கிற அன்று பார்த்து லிஃப்ட் நின்றுபோனது. டீக்காரர் கெட்டிலோடு படியேற வேண்டியதாயிற்று. நம்மவர் மெதுவாக வாசித்தார், இருமினார், தண்ணீர் குடித்தார், ஒரு பக்கத்தை இரண்டாம் முறையும் வாசித்தார். யாருக்கும் தெரியவில்லை. கடைசி வரியும் தீர்ந்தது. வாசலில் சத்தமே இல்லை. மன்றத்தில் அப்படியோர் அமைதியை யாரும் கண்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அந்த அமைதியில், புதிதாக ஜெயித்து வந்திருந்த நர்ஸம்மா கையைத் தூக்கினார்.

"ஐயா, இந்தக் கையிருப்புல நம்ம பணம் எவ்வளவு?"

நம்மவர் மறுபடி அந்தப் பக்கத்தைத் திருப்பினார். 'எல்லாமே நம்மதுதான்' என்று சொன்னால் தப்பித்துவிடலாம், சாக்கடையும் வந்துவிடும். ஆனால் கீழே போடுவது அவர் கையெழுத்து. நாளைக்குக் குட்டு உடைந்தால் பதில் சொல்ல மச்சானா வருவார்? படியில் யாரோ ஏறி வருவதுபோலக் கேட்டது. இன்னும் கொஞ்சம் சமாளித்தால்...

"தெரியாதும்மா" என்றார். "எனக்கு ஒண்ணுமே புரியல."

யாரும் சிரிக்கவில்லை. நகராட்சித் தலைவர் கணக்கு அதிகாரியைப் பார்த்தார்; அவர் எழுந்தார்.

"முக்கால்வாசி ஒப்பந்தக்காரங்க கட்டின வைப்புப் பணம்ங்க. வேலை முடிஞ்சா திருப்பித் தரணும். செலவு பண்ண முடியாது."

"இதை ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"யாரும் கேக்கலீங்களே. சொல்ல வாயெடுத்தா டீ வந்துடும்."

அப்போதுதான் கிளாஸ் சத்தம் கேட்டது. யாரும் தட்டவில்லை. திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பட்டியலிலிருந்து சாக்கடைகளை அடித்தார்கள், முதலில் அடிபட்டது நம்மவர் தெரு.

அன்று மாலை அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தம் தெருவுக்குள் நுழைந்து, கூடி நின்ற ஜனங்களிடம், "சாக்கடை கிடையாது, நான் சொன்னது தப்பு" என்று முழங்கினார்.

"முழங்கினாராம்!" என்றாள், நான் இதைச் சொல்லும்போது பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி. "பின்பக்கச் சந்து வழியா வந்து, 'வாசல்ல யாராவது நிக்கறாங்களா பாரு'ன்னு என்னை அனுப்பினாரு. நிக்கறாங்கன்னேன். என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத்தான் வெளியே போனாரு. சொன்னது என்னவோ அதேதான். ஆனா பின்னால நின்னவங்களுக்குக் கேக்கல. நான்தான் மறுபடி சத்தமாச் சொன்னேன்."