துரை விசிலடித்து நாயைக் கூப்பிட்டபோது

எழுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் ஆயாவாக வேலை பார்த்தேன். வெள்ளைக்காரத் துரைக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஒரு சின்ன டெரியர் நாய்தான் எல்லாம். முழங்கால் உயரம்கூட இருக்காது, ஆனால் காட்டுப்பன்றியைக் கண்டாலும் பின்வாங்காது. பயங்கரப் பிடிவாதம். கம்பி மாதிரி இருக்கும் அதன் முடியைச் சீவுவதும், மழைக்காலத்தில் விரலிடுக்கில் ஒட்டிய அட்டையை உப்பு வைத்து எடுப்பதும் என் வேலை. உறுமிக்கொண்டேதான் காலை நீட்டும்.

தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்று பேச்சு வந்ததும் துரை சீமைக்குப் போக முடிவு செய்தார். புறப்படுகிற அன்று காலை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். துரை துப்பாக்கியோடு பின்பக்கம் வந்தார். அப்போதுதான் ரோஜாச் செடிகளுக்குப் பக்கத்தில் புதிதாக வெட்டிய குழியைப் பார்த்தேன். அவர் விசிலடித்தார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது.

கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டுக் கத்தினேன்.

"மாதாவே! என்னங்க தொரை இது? அது என்னங்க செஞ்சிச்சு?"

"ஒன்னும் செய்யல ஆயா. என்னை விட்டா இது யார்கிட்டயும் சாப்பிடாது. பட்டினி கிடந்து சாகும்."

"நான் வளக்கிறேங்க, குடுத்திடுங்க!" என்று ஓடிப்போய் நாயை வாரி அணைத்தேன். மிரண்டுபோன நாய் என் கையைக் கடித்துவிட்டது. இரத்தம் சேலையில் வழிந்தது. நான் விடவில்லை. துரை எங்கள் இருவரையும் பார்த்தபடியே நின்றார். பிறகு தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாயைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் போய்க் காரில் ஏறிவிட்டார்.

அவர் சொன்னது போலவே தொழிலாளர் லயத்தில் இருந்த எங்கள் அறைக்கு வந்த நாய் எதையும் தொடவில்லை. அவிழ்த்துவிட்டால் பங்களா வாசலுக்கே ஓடும். விலா எலும்பு தெரிந்தது. சுட்டிருந்தால் இந்த வேதனை இருந்திருக்காதோ என்றுகூட நினைத்துவிட்டேன். ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் ரொட்டி சாப்பிட உட்கார்ந்தார். மூலையில் ஒரு எலி ஓடியது. நாய் ஒரே பாய்ச்சல்! எலியை உதறிப் போட்டுவிட்டு, நேராக வந்து அவர் தட்டிலிருந்த ரொட்டியைக் கவ்விக்கொண்டது. அவர், "அடி, சாப்பிடுதுடி!" என்று கத்தினார். அதற்குப் பிறகு பல வருஷம் எங்களோடு இருந்தது, அதே பிடிவாதத்தோடு.

துரை கெட்டவர் இல்லை. அவ்வளவு பாசம் வைத்த மனுஷனின் கையில்தான் அந்தத் துப்பாக்கி இருந்தது என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.