எடை மெஷினோடு வருகிறவள்

மாத்திரை கொடுக்க வருகிறவளுக்கு நாற்காலி போடுவார்கள், எடை மெஷினோடு வருகிறவளைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள். நான் இரண்டும் கொண்டுபோகிறவள் என்பதால் பாதிக் கதவு திறந்திருக்கும்.

வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து, எடை போட்டு நோட்டில் எழுதும் சுகாதாரப் பணியாளர் நான். வீடு திருப்பாலைவனத்தில். காலையில் பழவேற்காடு பஸ் பிடித்துக் கோட்டைக்குப்பம் போவேன், மதியம் ஒன்றரைக்குத் திரும்பிவிடுவேன். நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அங்கே நான் நர்சக்காதான். உடம்பைக் குறையுங்கள் என்று நான் சொல்லாத வீடு இல்லை, நாளையிலிருந்து குறைக்கிறேன் என்று சொல்லாத ஆளும் இல்லை. திங்கட்கிழமை ஆரம்பித்துச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்தோடு விட்டவர்களே, உங்களில் பாதிப் பேர் நம் கட்சி என்று எனக்குத் தெரியும். நானும் அதில் பழைய உறுப்பினர்தான்.

இனிச் சொல்வதெல்லாம் சகுந்தலாவோடு பட்ட பாடு. மீன் விற்கிறவள், வயது நாற்பத்தாறு, எடை எண்பத்தாறு. தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. கூடையைத் தூக்கினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். ஒருநாள் மார்க்கெட்டில் வெளியே வந்தது உள்ளே போகவில்லை. ஷேர் ஆட்டோவில் போட்டுப் பொன்னேரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஒருவழியாக உள்ளே தள்ளிவிட்டு, குடல் இறக்கம், ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார். ஆனால் இந்த எடையில் செய்தால் தையல் நிற்காது, இந்த சர்க்கரையில் புண்ணும் ஆறாது, மூன்று மாதத்தில் எட்டு கிலோ குறைத்துக்கொண்டு வா என்றார். அதற்குள் மறுபடி மாட்டிக்கொண்டு குடல் அழுகினால் உயிருக்கே ஆபத்து என்பதையும் மறைக்காமல் சொன்னார். எட்டு கிலோவுக்குப் பொறுப்பு யார் என்று கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கழிவு

முதல் நாள் எடை போடப் போனேன். மெஷினில் ஏறுவதற்கு முன் கொலுசைக் கழற்றினாள். மெட்டியைக் கழற்றினாள். இடுப்பில் இருந்த சுருக்குப்பையை அவிழ்த்துக் கொசுவலை மேல் வைத்தாள். சேலை ஈரமாக இருக்கிறது, காய்ந்த சேலை கட்டிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனவள் அரை மணி நேரம் கழித்து வந்தாள். முள் எண்பத்தாறில்தான் நின்றது. மெஷினைச் சுவர் ஓரமாக நகர்த்திப் பார்த்தாள், வாசலில் வைத்துப் பார்த்தாள், ஒற்றைக் காலில் நின்று பார்த்தாள். எண்பத்தாறு.

கடைசியில் வியாபாரம் பேச ஆரம்பித்தாள். இறால் வாங்க வருகிற வியாபாரி தண்ணீருக்கு, ஐஸுக்கு என்று எடையில் கொஞ்சம் தள்ளித்தான் கணக்குப் போடுவான், அந்த ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் அப்படியே போடு என்றாள். அது முடியாது என்றேன். காலையில் தின்ற கஞ்சியையாவது தள்ளு என்றாள். அதுவும் முடியாது என்றதும் என் நோட்டையே பிடித்துக்கொண்டாள். "எங்க எறாவுக்கெல்லாம் தண்ணிக் கழிவு புடிக்கிறாங்க. என் ஒடம்புக்கு மட்டும் ஒரு மூணு கிலோ கழிவு போட்டா இன்னாக்கா கொறஞ்சிடும்?"

ஒரு கரண்டி

மத்தியானம் ஒரு கரண்டி சோறு, இரண்டு கரண்டி கீரை, குழம்பு மீன் இரண்டு துண்டு என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் போனால் எடையில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு கரண்டிதானா என்று கேட்டேன். சத்தியம் செய்தாள். கரண்டியைக் காட்டு என்றேன். கோயில் கூழ் ஊற்றும்போது அண்டாவில் போடுவார்களே, கைப்பிடியே என் முழங்கை நீளம் இருக்கும், அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இதுவா ஒரு கரண்டி என்றேன். "நீ கரண்டின்னுதானக்கா சொன்ன, எந்தக் கரண்டின்னு சொன்னியா?"

டாக்டர் வைக்கும் வலை

அடுத்த முறை பொன்னேரி போனபோது ஏரியில் வலை போடுகிற அவள் வீட்டுக்காரர் தேசப்பனையும் அழைத்துப் போனேன். அவர் சொன்னாலாவது கேட்பாள் என்று ஒரு நப்பாசை. உள்ளே வலை வைத்துத் தைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். என்ன நூல், எந்த அளவு கண்ணி, எத்தனை வருடம் உழைக்கும் என்று வரிசையாகக் கேட்டார். டாக்டரும் சளைக்காமல் பதில் சொன்னார். வெளியே வந்து மனைவிக்கு அவரே பாடம் எடுத்தார். பத்து கிலோ தாங்குகிற வலையில் ஐம்பது கிலோ மடவை மீன் மாட்டினால் வலை கிழியுமா கிழியாதா, உன் வயிறும் அதேதான் என்றார். மூன்று வாரமாக நான் தொண்டை வறளச் சொன்னது அவளுக்கு மூன்று நிமிடத்தில் புரிந்துவிட்டது. பஸ்ஸில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் போனால் வீடெல்லாம் வறுவல் வாசனை. ஏரியில் நல்ல மீன்பாடு கிடைத்திருக்கிறது. விற்கிற மீனில் கை வைக்காமல், பெரிய இறாலாகப் பொறுக்கிப் பெண்டாட்டிக்கென்று கொண்டுவந்திருக்கிறார். எண்ணெயில் முறுகலாக வறுத்து, அவளும் முக்கால் சட்டி முடித்துவிட்டாள். நேற்று வலை, கண்ணி என்று அவ்வளவு பேசினீர்களே என்று சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை, முகம்தான் வாடிப்போனது. "நான் புடிச்சாந்தத அவ துன்னலன்னா, நான் இன்னாத்துக்கு நர்சக்கா ஏரிக்குப் போறேன்?"

சும்மா நடப்பது

தினமும் அரை மணி நேரம் வேகமாக நட என்றேன். இதில் என்ன வில்லங்கம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அங்கே கூடை இல்லாமல், கை வீசிக்கொண்டு, வேகமாக ஒரு பெண் ஊரைத் தாண்டிப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகிறாள். சகுந்தலா பாலத்தை எட்டுவதற்குள் இரண்டு பெரியவர்கள் மறித்துச் சமாதானம் பேசினார்கள். யாரோ போன் போட்டு, அவள் அண்ணன் காட்டூரிலிருந்து பைக்கில் வந்து இறங்கிவிட்டார். தேசப்பனைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். பாவம், அவர் தூக்கக் கலக்கத்தில், தான் என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் மன்னிப்புக் கேட்டாராம்.

சரி, தலையில் வெறும் கூடையை வைத்துக்கொண்டு நட என்று நானே மூளையைக் கசக்கி ஒரு யோசனை சொன்னேன். அது அதைவிட மோசம். பத்தடிக்கு ஒருத்தர் நிறுத்திக் கூடையை இறக்கச் சொன்னார்கள். நான்காவது நாள் அவள் நடையை விட்டுவிட்டாள். "சும்மா போனா சண்டன்றாங்க, கூடையோட போனா மீனு இன்னா வெலன்றாங்க. இந்த ஊர்ல மனுஷி நடக்க முடியாதுக்கா."

முறை

ஒரு மாதம் முடிந்தது. எட்டு கிலோ குறைய வேண்டியவள் முந்நூறு கிராம் ஏறியிருந்தாள். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்று ஞாபகம் வந்தது: தனியாகச் செய்தால் சோர்ந்துபோவார்கள், குழுவாகச் செய்யச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியிடம் பேசினேன். கஸ்தூரி மகளிர் குழுத் தலைவி, அவள் சொன்னால் தெருவே எழுந்து நிற்கும். சகுந்தலாவையும் சேர்த்து ஐந்து பெண்களைக் கூட்டிவிட்டாள். ஐந்து பேரும் உடம்பைக் குறைக்க வேண்டியவர்கள்தான். என்ன சாப்பிட வேண்டும், என்ன கூடாது என்று மதியம் வரை பேசினேன். ஐந்து பேரும் தலையாட்டினார்கள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து எடை போட்டால் ஐந்து பேரும் ஏறியிருந்தார்கள். விசாரித்தேன். அந்த ஏரியில் மீன் அதிகம் படுகிற இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட முடியாது. இன்றைக்கு இந்தக் கூட்டம், நாளைக்கு அந்தக் கூட்டம் என்று முறை உண்டு; அதைப் பாடு என்பார்கள். முறை தவறி இறங்கினால் ஊரே கேள்வி கேட்கும். இந்தப் புண்ணியவதிகள் என் பட்டினித் திட்டத்தையும் பாடு வைத்துப் பிரித்துவிட்டார்கள். திங்கட்கிழமை சகுந்தலா வாயைக் கட்டுவாள், மற்ற நான்கு பேரும் வழக்கம்போல் சாப்பிடுவார்கள். செவ்வாய் கஸ்தூரி. இப்படியே போய் ஐந்து நாளைக்கு ஒருநாள் ஆளுக்கு ஒரு பட்டினி, மறுநாள் அதற்கும் சேர்த்து விருந்து. நான் கத்திய கத்தலில் தெரு நாய் எழுந்து போய்விட்டது. கஸ்தூரி மட்டும் அசையவில்லை. "எல்லாரும் ஒரே நாள்ல எறங்குனா எப்டிக்கா? மொறன்னு ஒண்ணு இருக்குதுல்ல."

ரெண்டு மணி

இனி இந்த வீட்டு வாசல் மிதிப்பதில்லை என்று முடிவு செய்திருந்த வாரத்தில் கஸ்தூரி போன் செய்தாள். மார்க்கெட்டில் சகுந்தலாவுக்கு மறுபடி மாட்டிக்கொண்டதாம். வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, மணலிலேயே படுத்துவிட்டாளாம். நல்ல வேளை, ஆட்டோ வருவதற்குள் தானே உள்ளே போய்விட்டது. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எனக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தது. உனக்கு உயிர் மேல் ஆசை இல்லையா, எதற்கு இப்படித் தின்கிறாய் என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். காலையில் பசிப்பதில்லை, இரவில் வீட்டுக்காரர் எதிரில் அளவாகத்தான் சாப்பிடுகிறாள். மீன் விற்றுவிட்டு மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வருவாள். அவர் ஏரியில் இருப்பார். ஒரே மகள் கல்யாணமாகி ஆந்திரப் பக்கம் போய்விட்டாள். அந்த நேரத்தில் உட்கார்ந்தால் எவ்வளவு தின்றோம் என்றே தெரியாமல் பானை காலியாகிவிடுமாம். நானும் என் வீட்டில் ரெண்டு மணிக்கு முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறவள்தான் என்று அவளிடம் சொன்னேன். கஸ்தூரி கேட்டுக்கொண்டு நின்றாள். சகுந்தலா திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வூட்ல ஆளு இல்லன்னா, அந்தச் சோத்துப் பானதான்க்கா எனக்கு ஆளு."

மாற்று ஆள்

கஸ்தூரி அன்றைக்கே பாடு முறையை மாற்றினாள். பட்டினிக்கு முறை கிடையாது, ரெண்டு மணிக்குத்தான் முறை. நான்கு பெண்களில் ஒருத்தி தினமும் சகுந்தலா வீட்டுக்குப் போக வேண்டும், கூட உட்கார்ந்து அதே அளவு சோற்றை அவளும் சாப்பிட வேண்டும், பேசிக்கொண்டே பாலம் வரை நடந்துவிட்டு வர வேண்டும். இரண்டு பேர் பேசிக்கொண்டு நடந்தால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வர முடியாதவள் மாற்று ஆள் அனுப்பியே தீர வேண்டும். நான் நம்பவில்லை. மூன்றாவது வாரம் முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. மெஷின் கெட்டுவிட்டதோ என்று நான் ஏறாமல், ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துச் சரிபார்த்தேன்.

ஒருநாள் கஸ்தூரி காதுகுத்துக்குப் போய்விட்டாள். வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு ரெண்டு மணிக்கு நான் எட்டிப் பார்த்தால் சகுந்தலா வீட்டுக்குள் கஸ்தூரியின் புருஷன், முறுக்கு மீசையும் லுங்கியுமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டில் கீரையை வெறித்துக்கொண்டிருந்தார். எதிரில் சகுந்தலா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பானைக்கு மூடி போட்டு அதன் மேல் அவர் ஒரு கையை வைத்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே அவர் வாயைத் திறந்தார். "இன்னிக்கி கஸ்தூரி பாடு. வலைக்குப் போறதுகூட ஈஸி, இந்தக் கீரைய துன்றதுதான் கஷ்டமாக் கீது."

பொன்னேரி

கெடு முடிந்த அன்று ஐந்து பேரும் பொன்னேரிக்கு வந்தார்கள். எடை எழுபத்தொன்பதரை. ஒன்றரை கிலோ பாக்கி. டாக்டர் சர்க்கரை அளவைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், போதும், வியாழக்கிழமை வந்து படுத்துவிடு என்றார். சகுந்தலா அழுதுவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மூன்றாம் நாள் வார்டில் அவள் எழுந்து நான்கு அடி நடந்தாள். சந்தோஷத்தில் நான் அசந்திருந்த நேரம் பார்த்து, கஸ்தூரி என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி மெஷினில் நிறுத்திவிட்டாள். பத்து வருடத்தில் ஊரெல்லாம் ஏற்றிய நான் ஒருநாளும் ஏறியதில்லை. எண்பத்து நான்கு. எனக்கு வேலை இருக்கிறது, திங்கட்கிழமையிலிருந்து பார்க்கிறேன் என்று இறங்கப் பார்த்தேன். ஐந்து பேரும் சிரிக்கவில்லை. கஸ்தூரி என் பையிலிருந்த நோட்டை எடுத்து, என்னிடமே பேனாவைக் கொடுத்து, என் பெயரை எழுதச் சொன்னாள். "சகுந்தலா பாடு முடிஞ்சிச்சிக்கா. நாளைலேர்ந்து ரெண்டு மணிக்கி எங்கள்ல ஒருத்தி உன் வூட்டுக்கு வருவா. லேடீஸுக்கு பஸ்சு ஃப்ரீதான், தப்பிக்கலாம்னு பாக்காத."

மன உறுதி வேண்டும், மன உறுதி வேண்டும் என்று பத்து வருடமாகக் கதவு கதவாகத் தட்டிச் சொன்ன எனக்கு இப்போது வேண்டியதெல்லாம், அந்த மத்தியான பஸ் ஒரே ஒரு நாளாவது வராமல் போவதுதான்.