பன்னீர்செல்வம் கட்டிய கம்பி

எதிர்வீட்டுப் பன்னீர்செல்வத்தை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கான்ட்ராக்டர். போர்ட் பிளேரின் மரைன் ஹில்லில் பதினாறு வருஷம் எதிரெதிரே குடியிருந்தும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவருடைய பழைய மாருதியின் பெட்ரோல் நாற்றம் மட்டும் தினமும் காலையில் என் சமையலறைக்கு வந்துவிடும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய டிரைவர் முருகையாவைப் பற்றி.

முருகையா இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவர். நுவரெலியாவில் அவருடைய அப்பா துரையின் காரைத் துடைத்துக் கிளப்பி வைக்கிற வேலையில் இருந்தார். பதினோரு வயதில் முருகையா குடும்பத்தோடு நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். சுனாமி அங்கிருந்ததை எல்லாம் வாரிக்கொண்டு போனபின் மனைவி கருப்பாயியோடு போர்ட் பிளேருக்கு வந்து, பன்னீர்செல்வத்தின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக்கூரை அறையில் ஒண்டிக்கொண்டார். சம்பளம் சொற்பம். அந்த அறைக்காகத்தான் அவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்.

வண்டி கார்புரேட்டர் காலத்தது. மத்தியானம் எத்தனை முறை நிறுத்தினாலும் உடனே கிளம்பும். இரவெல்லாம் நின்றுவிட்டால் காலையில் அசையாது. முருகையா சாவியைத் திருப்புவார். அது இருமும், அடங்கும். "ஆக்சிலேட்டரை மிதிய்யா, நல்லா மிதி" என்று பன்னீர்செல்வம் வாசலிலிருந்து கத்துவார். மிதிக்க மிதிக்கப் பெட்ரோல் நிறைந்து பிளக் நனையும். பிறகு தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சரிவில் தள்ளவேண்டும். பேட்டரியை இரண்டு முறை மாற்றினார்கள். பிளக்குகள் சென்னையிலிருந்து கப்பலில் வந்தன. காலையில் வண்டி பழையபடி இருமியது.

"சோக்கு வேலை செய்யல சார். குமிழை இழுத்தா சும்மா கையோட வருது" என்று முருகையா ஒருமுறை சொன்னார்.

"சோக்கா? அது குளிர் ஊருக்கு. இது என்ன உன் நுவரெலியாவா? இங்க யாருய்யா ஸ்வெட்டர் போட்டுட்டு காடி ஓட்டுறான்? அது பெட்ரோல் குடிக்கும்னு நான்தான் கம்பி போட்டுக் கட்டி வெச்சிருக்கேன். பக்வாஸ் பண்ணாத, உளறாத. பானெட்டைத் தொட்டா கை இருக்காது."

டிரைவர்கள் பெட்ரோல் திருடுவார்கள் என்பது அவருடைய தீராத சந்தேகம். தோட்டக்காட்டான் என்று அவர் முருகையாவைத் தெருக் கேட்கத் திட்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முருகையா குனிந்த தலையோடு போய்விடுவார். அதற்காக அவர்மீதும் எனக்குக் கோபம்தான்.

போன ஜூலையில் டில்லியிலிருந்து ஒரு பெரிய எஞ்சினியர் வருவதாக இருந்தது. காலை விமானம். முந்தின நாளே பன்னீர்செல்வம் சொல்லிவிட்டார்: "நாளைக்குக் காடி ஸ்டார்ட் ஆகலன்னா சாயங்காலம் ரூம் காலியாகணும்." கருப்பாயி அப்போதே பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

விடிந்ததும் மழை. வண்டி இருமி இருமி அடங்கியது. தள்ளுவதற்குத் தெருவில் ஆள் இல்லை. நான் ஜன்னலில் நின்றிருந்தேன். முருகையா கீழே இறங்கினார். பானெட்டைத் திறந்தார்.

"ஏய்" என்றார் பன்னீர்செல்வம்.

"நீங்க உட்கார்ந்து சாவியைத் திருப்புங்க சார். நான் சொல்ற வரைக்கும் ஆக்சிலேட்டரைத் தொடாதீங்க."

அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. பன்னீர்செல்வமும் கேட்டதில்லை போலும், உட்கார்ந்துவிட்டார். முருகையா ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றினார். கார்புரேட்டரின் வாயில் இருக்கும் சின்னச் சோக்குத் தகட்டை மூடவிடாமல் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்தார். தகட்டை விரலால் அழுத்தி மூடிக்கொண்டார்.

"இப்ப திருப்புங்க."

இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. முருகையா விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். "ராத்திரியெல்லாம் ஆறிக் கிடந்தா எஞ்சினுக்குக் குளிர்தான் சார். ஊர் சூடா இருந்தா அதுக்கென்ன. முதல்ல காத்தைக் குறைச்சுப் பெட்ரோலைக் கூட்டிக் குடுக்கணும். எங்கப்பா தெனம் செய்வார்."

வண்டி கிளம்பியதில் பன்னீர்செல்வத்துக்கு மகிழ்ச்சியே இல்லை. இறங்கி வந்து முருகையாவின் கையிலிருந்த கம்பியைத்தான் பார்த்தார். நிமிர்ந்தபோது ஜன்னலில் என்னையும் பார்த்துவிட்டார்.

"யாரைக் கேட்டு பானெட்டைத் திறந்த? சாயங்காலம் ரூம் காலியாகணும்."

முருகையா வாக்குவாதம் செய்யவில்லை. தகட்டைத் திறந்து, அதே கம்பியால் அதே மூன்று முறுக்குப் போட்டுக் கட்டி, மூடியை மாட்டினார். "நீங்க கட்டுனபடியே கட்டிட்டேன் சார்" என்றார். எனக்குக் கை தட்டவேண்டும் போல இருந்தது.

மாலையில் இருவரும் பத்துபஸ்தி பக்கம் ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டார்கள். போகும்போது கருப்பாயி என்னிடம் முருகையாவின் புது போன் நம்பரைக் கொடுத்தாள். முருகையா இப்போது ஒரு கடையின் டெம்போவை ஓட்டுகிறார்.

மறுநாள் காலை மாருதி இருமியது. அதற்கு மறுநாளும். கம்பியை அவிழ்த்தால் தப்பு தன்னுடையது என்று ஆகிவிடுமே, பன்னீர்செல்வம் அவிழ்ப்பாரா? ஒன்பதாம் நாள், நனைந்த சட்டையோடு என் கேட்டுக்கு வந்து நின்றார். பதினாறு வருஷத்தில் முதல்முறை.

"முருகையாவோட புது நம்பர் உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தினேன்.